ஒன்பது நாளுக்கும் பதினெட்டு ஆண்டுக்கும் யார் பொறுப்பு?

புதுக்கூரைப்பேட்டை வழக்கு முடிந்துவிட்டது என்கிறார்கள். விருத்தாசலத்தை அடுத்த அந்த ஊரில் முருகேசனையும் கண்ணகியையும் கொன்ற வழக்கில், தண்டிக்கப்பட்டவர்களின் மேல்முறையீடுகளை 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை வரவேற்று அறிக்கைகள் வந்தன. தொலைக்காட்சியில் ஒருநாள் விவாதம் நடந்தது. அத்தோடு எல்லாரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். கட்டை அவிழ்க்காமலே கோப்பை அலமாரியில் ஏற்றிவிடுகிற இந்த நிம்மதியைத்தான் நாம் கண்டிக்கிறோம். 2003 ஜூலையில் நடந்த கொலைக்கு முதல் தகவல் அறிக்கை போட 9 நாள். விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 18 ஆண்டு. கடைசிப் படியும் முடிய ஏறக்குறைய 22 ஆண்டு. அந்த 9 நாளுக்காவது இரண்டு போலீஸ் அதிகாரிகள் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மிச்ச ஆண்டுகளுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. கேட்பாரும் இல்லை.

பெண்ணாடத்தில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் சேதி அல்ல. கடைகண்ணிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாம் போய்வருகிற ஊர் விருத்தாசலம். முருகேசன் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் முடித்தவர், பட்டியல் சாதிக் குடும்பத்துப் பிள்ளை. கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். அப்பா ஊராட்சித் தலைவர். 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, விஷயத்தை வெளியே சொல்லாமல் இருந்தார்கள். வெளியே தெரிந்ததும் இருவரையும் தேடிப் பிடித்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஜூலை 7 இரவு போய் 8 விடிவதற்குள் விஷம் ஊற்றிக் கொன்று உடல்களை எரித்தார்கள். ஊரில் பலருக்கும் தெரிந்து நடந்த கொலை இது.

முருகேசனின் குடும்பத்தார் சொன்னதைக் காவல் நிலையம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகுதான், ஜூலை 17 அன்று, முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. பதிவானதிலும் வஞ்சகம் இருந்தது. இரண்டு தரப்பும் சேர்ந்தே இந்தச் சாவுகளுக்குக் காரணம் என்பதுபோல, கொலையுண்டவரின் உறவினர்களையும் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வரிசையில் சேர்த்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள் கொலைகாரர் பட்டியலில்! 2004இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்திராவிட்டால், ‘இரு குடும்பத்துச் சண்டை’ என்ற தலைப்போடு இந்தக் கோப்பு என்றோ மூடப்பட்டிருக்கும்.

நிலையத்துக்கு ஒரு முறையாவது புகார் மனுவோடு போனவர்களுக்கு இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரைட்டர் மனுவை வாங்கிப் படிப்பார். “ஐயா வெளியே போயிருக்கார், சாயங்காலம் வாங்க” என்பார். சாயங்காலம் போனால் எதிர்த்தரப்பும் அங்கே உட்கார்ந்திருக்கும். கூடவே ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், கட்சிக் கரை வேட்டி ஒருவர். “ஒரே ஊர்ல இருக்கிறவங்க, பேசித் தீர்த்துக்கங்க.” அதற்கும் மசியாவிட்டால் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கையில் கொடுப்பார்கள். முத்திரை, எண், தேதி எல்லாம் அதில் இருக்கும். வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி ஜனங்கள் அதைப் பர்சில் மடித்து வைத்துக்கொள்வார்கள். மனு கொடுத்ததற்கான ரசீதே தவிர அது முதல் தகவல் அறிக்கை இல்லை என்று விளங்கும்போது தடயம் போயிருக்கும், சாட்சி ஊரை விட்டே போயிருப்பார். பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் தீர்த்துச் சொல்லிவிட்டது. சி.எஸ்.ஆர். கிழிப்பது நின்றபாடில்லை.

இந்த 9 நாள் தாமதத்துக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று கேட்கலாம். கொலை வழக்கு விசாரணைக்கு வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எழுந்து கேட்பது இதைத்தான்: “சம்பவம் என்றைக்கு? புகார் என்றைக்கு? நடுவில் என்ன செய்தீர்கள்?” தமிழ்நாட்டிலிருந்து போன துலியா காளி வழக்கில், 1972இல், முதல் தகவல் தாமதமானால் அதில் கற்பனையும் சோடனையும் கலந்துவிடக் கூடும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயமான எச்சரிக்கைதான், நிரபராதி சிக்கிக்கொள்ளக் கூடாது. அந்த நியாயம், புகார் கொடுப்பவர் காலம் தாழ்த்தினால் மட்டுமே நியாயம். தாழ்த்தியதே போலீஸ் என்றால்? புகாரை வாங்க மறுத்துவிட்டு, ‘தாமதமாக வந்த புகார்’ என்று அதே தாமதத்தைப் புகார்தாரர் தலையில் கட்டினால், சட்டத்தைக் கொண்டே சட்டத்தை ஏமாற்றுகிற வேலை அல்லவா அது? தாமதத்துக்குத் தக்க விளக்கம் இருந்தால் அதனால் மட்டும் வழக்கு விழாது என்றும், புலனாய்வில் உள்ள ஓட்டையின் பலனைக் குற்றவாளிக்குக் கொடுக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றமே பின்னர் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. புதுக்கூரைப்பேட்டை வழக்கில் மூன்று நீதிமன்றங்களும் அந்த வழியில்தான் நின்றன. தாமதத்தைக் குடும்பத்தின் கணக்கில் எழுதாமல், அதை உண்டாக்கிய அதிகாரிகளின் குற்றமாகவே எடுத்துக்கொண்டன. இந்தத் தீர்ப்புகளில் நமக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இடம். பத்திரிகைகள் அதைத் தாண்டிப் போய்விட்டன. தூக்கு, ஆயுள் என்ற இரண்டு சொற்களே தலைப்புக்குப் போதுமாயிருந்தன.

தீர்ப்புகளின் போக்கைச் சுருக்கிச் சொல்லிவிடுவோம். 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கும் 12 பேருக்கு ஆயுளும் விதித்தது. அந்த 12 பேரில் கண்ணகியின் தந்தையும் உண்டு. விருத்தாசலத்தில் அப்போது ஆய்வாளராகவும் உதவி ஆய்வாளராகவும் இருந்த இருவரும் உண்டு. 2022 ஜூன் 8 அன்று உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், ஏ.ஏ.நக்கீரன் அமர்வு தூக்கை ஆயுளாக்கியது, இருவரை விடுவித்தது, ஆய்வாளரின் தண்டனையைக் குறைத்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சுதான்ஷு தூலியா, பிரசாந்த் குமார் மிஸ்ரா அமர்வு உயர் நீதிமன்றத் தீர்ப்பை நிலைநிறுத்தி, முருகேசனின் தந்தைக்கும் சிற்றன்னைக்கும் தமிழ்நாடு அரசு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றது. தூக்கு ஆயுளானதில் நமக்கு மனக்குறை ஏதும் இல்லை. அரசு தன் கையால் உயிர் எடுப்பதை இந்த இதழ் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை.

சாட்சிகள் விஷயத்துக்கு வருவோம். இந்த வழக்கில் பலர் பிறழ் சாட்சிகளானார்கள். முதலில் ஒன்றைச் சொல்லி, கூண்டில் ஏறியதும் “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று கைவிரித்தவர்கள். அவர்களைத் திட்டுவது சுலபம். பெண்ணாடத்திலிருந்து ஒருவர் கடலூர் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 80 கிலோமீட்டர். விடியற்காலை பஸ் பிடித்து விருத்தாசலம், நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி என்று போய் இறங்கினால், பத்தரை மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, வாய்தா. அன்றைய கூலி போச்சு. வராந்தாவில் நின்றால் பக்கத்திலேயே குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்தக்காரர்கள் நிற்பார்கள். ஜாமீனில் வந்திருந்தால் அவரே நிற்பார். திரும்பி வருகிற பஸ்ஸிலும் பின் சீட்டில் அவர்களில் ஒருவர் இருப்பார், ஒன்றும் பேசமாட்டார். ஊரில் இறங்கினால் டீக்கடையில் பேச்சு நின்றுபோகும். பத்துப் பதினைந்து வருடம் இதைத் தாங்கிக்கொண்டு உண்மையைச் சொல் என்று ஒரு கூலிக்காரரிடம் கேட்கிற அரசு, அவருக்கு என்ன செய்து கொடுத்தது?

செய்து கொடுக்க வேண்டியவை சட்டத்தில் இல்லாமல் இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில், சாட்சிகளுக்குப் பயணப்படி, தினப்படி, போக்குவரத்து வசதி தரவேண்டும் என்று 11ஆம் விதி சொல்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 15அ என்ற தனிப் பிரிவையே சேர்த்து, பாதிக்கப்பட்டவர், சாட்சிகளின் பாதுகாப்பை அரசின் கடமை ஆக்கியது. 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்த உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் அதைச் சட்டம்போலவே பின்பற்ற வேண்டும் என்றது. காகிதத்தில் குறையே இல்லை.

பிறழ் சாட்சியின் வாக்குமூலம் முழுவதையும் குப்பையில் போட வேண்டியதில்லை, வேறு ஆதாரங்களோடு பொருந்துகிற பகுதியை ஏற்கலாம் என்பது 1976 முதலே நிலைபெற்ற சட்டம். கடலூர் வழக்கு நிமிர்ந்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் முருகேசனின் சிற்றன்னை. சொந்தக்காரி, வேண்டியவர், அதனால் நம்பக் கூடாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. உறவுக்காரர் என்பதாலேயே ஒருவர் பொய் சொல்வார் என்று கொள்ள முடியாது, இத்தனை ஆண்டு கழித்துச் சொல்லும்போது சிறு முரண்கள் வருவது இயல்பு என்ற பார்வையோடு நீதிமன்றம் அவரை நம்பியது. ஊரில் மற்றவர்கள் வாயைக் கட்டிக்கொண்டபோது ஒரு பெண் சொன்ன சொல்லின் மேல் இவ்வளவு பாரம் விழுந்தது. அவர் வாழ்நாளுக்குள் விசாரணை நடந்ததே அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். நீதி அதிர்ஷ்டத்தை நம்பி நடக்கலாமா?

சாட்சியை நம்புவதும் நம்பாததும் நீதிபதியின் கையில் இருக்கிறது. அவர் எந்த உலகத்தை மனதில் வைத்துக்கொண்டு படிக்கிறார் என்பதில்தான் சிக்கலே. நம் டெல்டாவிலேயே அதற்குக் கசப்பான முன்னுதாரணம் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்த நிலக்காரர்கள், வேலைக்காரர்களை அனுப்பாமல், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பண்ணையார் எப்படி நடந்துகொள்வார் என்று நீதிபதி தன் மனதில் வரைந்து வைத்திருந்த சித்திரம் சாட்சியத்தை ஜெயித்துவிட்டது. இறுதியாக முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நேர்மையாக விமர்சிப்பது நீதிமன்ற அவமதிப்பு ஆகாது என்று 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே இதைச் சொல்ல நாம் கூசவில்லை.

அதே உயர் நீதிமன்றம் வேறு விதமாகவும் படிக்கத் தெரிந்தது என்பதற்கு, இன்னொரு சாதி ஆணவக் கொலையான கோகுல்ராஜ் வழக்கு சாட்சி. 2015 ஜூனில் பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்த உடலைத் தற்கொலை என்று முடித்துவிடப் பார்த்தார்கள். முக்கியச் சாட்சி பிறழ்ந்துவிட்டார். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் அந்தச் சாட்சியைத் தாங்களே அழைத்து விசாரித்தார்கள். 2023 ஜனவரியில் திருச்செங்கோடு கோயிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரில் போய்ப் பார்த்தார்கள். ஜூன் 2 அன்று தண்டனையை உறுதி செய்தார்கள். சாதி விட்டுச் சாதி மணந்ததற்காக வெட்டப்பட்ட உடுமலை சங்கர் வழக்கிலோ கதை வேறு. 2016 மார்ச்சில் பட்டப்பகலில் பேருந்து நிலையம் அருகே நடந்த கொலை. திருப்பூர் நீதிமன்றம் 6 பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம், சதி நிரூபிக்கப்படவில்லை என்று, சங்கர் மணந்த பெண்ணின் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. சதி என்பது நாலு சுவருக்குள் நடப்பது, அதற்கு நேரடிச் சாட்சி கிடைக்காது, சூழ்நிலைகளைக் கோத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சட்டப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. எத்தனை கண்ணி இருந்தால் சங்கிலி என்பதில்தான் நீதிபதிக்கு நீதிபதி வேறுபடுகிறார்கள். வேறுபடட்டும், மேல்முறையீடு என்ற ஏற்பாடே அதற்காகத்தான். ஆனால் கண்ணிகளைச் சேகரிக்க வேண்டிய போலீஸ் முதல் வாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், எத்தனை கூர்மையான நீதிபதி வந்தும் எதைக் கோப்பார்?

இப்போது நமது முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறோம். 2004இல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போயிற்று. நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வனையப்பட்டது 2017இல். நடுவில் 13 ஆண்டு. அந்த 13 ஆண்டில் தமிழ்நாடு மூன்று சட்டமன்றத் தேர்தலைக் கண்டது. வழக்கைப் பின்தொடர்ந்த குடும்பமும் வக்கீல்களும் கிழவர்களானார்கள். இளவரசன், கோகுல்ராஜ், சங்கர் என்று சாதி தாண்டிய உறவுக்காக உயிர் போன பிள்ளைகளின் பெயர்கள் வந்து வந்து போயின. ஒவ்வொன்றின்போதும் ‘கண்ணகி–முருகேசன் வழக்கு நிலுவையில் இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதினோமே தவிர, ஏன் நிலுவையில் இருக்கிறது என்று யாரும் போய்க் கேட்கவில்லை. நிலுவைக்குக் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ஒன்று நிச்சயம்: ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீதிமன்ற ஏட்டில் ஒரு வரியாவது காரணம் எழுதப்பட்டிருக்கும். எந்தத் தேதியில் யார் வரவில்லை, யார் அவகாசம் கேட்டார், நீதிபதி பணியிடம் காலியாக இருந்ததா, குற்றம் சாட்டப்பட்டவர்கள் போட்ட மனு எந்த நீதிமன்றத்தில் எத்தனை மாதம் கிடந்தது, எல்லாம் அந்தக் கட்டுக்குள்தான் இருக்கிறது.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாவட்ட நீதிமன்றங்களின் மேல் அரசியலமைப்பு தந்த மேற்பார்வை அதிகாரம் உண்டு. அந்த ஏடுகளை வரவழைத்து, 2004க்கும் 2017க்கும் இடையே நடந்ததைத் தேதிவாரியாகத் தொகுத்து வெளியிட வேண்டும் என்று நாம் கோருகிறோம். யாரையும் தண்டிப்பதற்காக அல்ல. அடுத்த வழக்கு எந்தக் கட்டத்தில் சிக்குமோ அதைத் தெரிந்துகொள்வதற்காக. வன்கொடுமைச் சட்டத்தின் திருத்தப்பட்ட 14ஆம் பிரிவு, குற்றப்பத்திரிகை தாக்கலான 2 மாதத்துக்குள் கூடியவரை விசாரணையை முடிக்கச் சொல்கிறது. அந்தத் திருத்தம் அமலில் இருந்த காலத்திலேயே, குற்றச்சாட்டு வனைந்த பிறகும் கடலூரில் 4 ஆண்டு ஓடின. ‘கூடியவரை’ என்ற ஒரு சொல்லுக்குள் 4 ஆண்டை அடைத்துவிட்டார்கள்.

போலீஸ் விஷயத்தில் நமது கண்டனம் இன்னும் கடுமையானது. புதுக்கூரைப்பேட்டை வழக்கில் இரண்டு அதிகாரிகள் தண்டனை பெற்றது விதிவிலக்கு. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கிற அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை என்று வன்கொடுமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. 2016இல் வந்த திருத்தம், அந்தக் கடமைகள் எவை என்று பட்டியல் போட்டே சொல்லிவிட்டது: வாய்மொழியாகச் சொன்ன தகவலை எழுதிப் படித்துக் காட்டுவது, வழக்குப் பதிவது, நகல் கொடுப்பது. ஆனால் இந்தக் குற்றச்சாட்டை ஊழியர் மேல் பதிய வேண்டுமானால், முதலில் நிர்வாக விசாரணை நடந்து பரிந்துரை வரவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்ந்தே இருக்கிறது. புகாரை வாங்க மறுத்த நிலையத்தின் மேல் விசாரணை நடத்திப் பரிந்துரைக்க வேண்டியதும் அரசின் அதே நிர்வாகம்தான்! கடலூர் மாவட்டத்தில் இந்தப் பிரிவின் கீழ் இதுவரை எத்தனை நிர்வாக விசாரணைகள் நடந்தன, எத்தனையில் பரிந்துரை போயிற்று என்பதை மாவட்ட நிர்வாகம் வெளியே சொல்லட்டும்.

இந்தச் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், அதனால் போலீஸ் யோசித்துத்தான் பதிய வேண்டியிருக்கிறது என்று ஒரு சமாதானம் உண்டு. உச்ச நீதிமன்றமே ஒரு முறை அந்தச் சமாதானத்தில் வழுக்கி விழுந்தது. 2018 மார்ச் 20 அன்று மகாஜன் வழக்கில், வழக்குப் பதியும் முன் ஆரம்ப விசாரணை நடத்தலாம், கைது செய்ய முன் அனுமதி வேண்டும் என்று நிபந்தனைகள் போட்டது. நாடாளுமன்றம் அதே ஆண்டில் 18அ பிரிவைச் சேர்த்து அவற்றை நீக்கியது. 2019 அக்டோபரில் நீதிமன்றமும் மறுசீராய்வில் தன் கட்டளைகளைத் திரும்பப் பெற்றது; 2020 பிப்ரவரியில் 18அ செல்லும் என்றும் சொன்னது. நாட்டின் உச்ச நீதிமன்றம் தான் படித்தது தவறு என்று ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ள ஒன்றரை ஆண்டு போதுமாயிருந்தது. நம் காவல் நிலையங்களுக்கு மட்டும் எத்தனை காலம் வேண்டும்?

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதே இல்லை. அன்றிரவு ஒரே கூட்டம் இரண்டு பேரைக் கொன்றது. முருகேசன் பட்டியல் சாதி என்பதால் அவர் கொலைக்கு வன்கொடுமைச் சட்டம் பேசும். கண்ணகி பட்டியல் சாதியில் பிறந்தவர் அல்ல. அவரைக் கொன்றதைப் பொறுத்தவரை அந்தச் சட்டத்துக்கு வாய் இல்லை, பொதுவான கொலைப் பிரிவு மட்டுமே. சாதி காரணமாகவே இருவரும் செத்தார்கள். சட்டத்தின் கண்ணுக்கு ஒருவர் சாவில் சாதி தெரிகிறது, இன்னொருவர் சாவில் தெரியவில்லை. பெற்ற மகளையே சாதிக்காகக் கொல்வது தனிக் குற்றமாக எந்தச் சட்டத்திலும் பெயர் பெறவில்லை. எந்தச் சாதிக்குள், எந்தச் சாதியோடு மணம் நடந்தாலும் அதற்காகக் கொல்வதையும் மிரட்டுவதையும் அடைத்து வைப்பதையும் பிடிக்கிற தனிச் சட்டம் வேண்டும் என்று கேட்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை. 2012இலேயே இந்தியச் சட்ட ஆணையம் தனது 242ஆம் அறிக்கையில், இப்படிப்பட்ட மணங்களில் தலையிடும் கூட்டங்களைத் தடுக்க ஒரு சட்ட வரைவைத் தந்தது. அறிக்கை இருக்கிறது. சட்டம் வரவில்லை.

சட்டம் வரும்வரை செய்ய வேண்டியதையும் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 2011 ஏப்ரலில், தமிழ்நாட்டு வழக்கான ஆறுமுகம் சேர்வை வழக்கில், இத்தகைய கொடுமையை முன்கூட்டியே அறிந்தும் தடுக்காத அதிகாரிகளை இடைநீக்கம் செய்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2016 ஏப்ரலில் உசிலம்பட்டிப் பெண் ஒருவரின் சாவை ஒட்டிய வழக்கில் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன், மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய தனிப் பிரிவும் 24 மணி நேரத் தொலைபேசியும் அமைக்க உத்தரவிட்டார். 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும், 6 மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று வழிகாட்டியது. சாதி விட்டுச் சாதி கட்டிக்கொண்ட ஒரு ஜோடி இன்றிரவு உயிருக்குப் பயந்து ஓடினால் எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்று பெண்ணாடம் பேருந்து நிலையத்தில் நிற்கிற பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். வேண்டாம், நிலையத்துக் காவலரையே கேட்டுப் பாருங்கள்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து 3 மாதம் நிறைய ஒரு நாள் இருக்கும்போது, 2025 ஜூலை 27 அன்று, பாளையங்கோட்டையில் கவின் என்ற மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். வழக்கு நீதிமன்றத்துக்கு உரியது. அதன் உள்ளே நாம் போகவில்லை. அந்தக் கொலை எழுப்பிய கொந்தளிப்புக்குப் பிறகு அக்டோபரில் தமிழ்நாடு அரசு, சாதி ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை தர, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஓர் ஆணையத்தை அறிவித்தது. ஆணையம் நல்லதுதான். ஆணைய அறிக்கைகள் தலைமைச் செயலகத்தில் எத்தனை ஆண்டு தூசி குடிக்கும் என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே அறிக்கை வந்ததும் அதைச் சட்டமன்றத்தில் வைத்து வெளியிட வேண்டும்; சட்ட முன்வடிவில், மிரட்டல் புகாருக்கு உடனே வழக்குப் பதியாத அதிகாரியின் மேல் நிர்வாக விசாரணைப் பரிந்துரைக்குக் காத்திராமல் நீதிமன்றமே நடவடிக்கை தொடங்க வழி வைக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத சட்டம் இன்னொரு காகிதமாகத்தான் இருக்கும்.

சென்னையில் சட்டம் வரும்வரை கடலூர் காத்திருக்க வேண்டியதில்லை. வன்கொடுமைச் சட்ட விதிகளின் 17ஆம் விதிப்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புக் கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒரு முறை கூடியாக வேண்டும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மூன்று இனங்களைச் சேர்க்குமாறு மாவட்ட ஆட்சியரைக் கேட்கிறோம்: குற்றப்பத்திரிகை தாக்கலாகி 2 மாதம் கடந்தும் முடியாத வழக்குகள், அவற்றில் சாட்சிகளுக்கு இதுவரை வழங்கிய படித்தொகை, சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுபோன சாதி மறுப்பு மண மிரட்டல் புகார்கள். கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் இவற்றை நிலையம் வாரியாக ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். பெண்ணாடம் நிலையத்துக்கான வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அதை அப்படியே அடுத்த இதழில் அச்சிடுவோம்.